செல்போனுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். வீட்டுக்கு வந்தது என்பதைவிட, பெரியப்பாவின் இடுப்புக்கு வந்தது என்பதே சரி. பெரியப்பா வேட்டிக்காரர். போனோடு கொடுத்த கறுப்பு உறையை வேட்டியில் மாட்ட முடியவில்லை என்பதற்காக, திருவிழாக் கடையில் விற்கும் அகலமான பச்சை பெல்ட் ஒன்றை வாங்கி வேட்டியின்மேல் கட்டிக்கொண்டார். தெருவில் யாராவது பெல்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அது போனுக்காகக் கட்டியது என்று விளக்கம் சொல்லாமல் நகரமாட்டார்.

பெரியப்பாவும் அப்பாவும் விருத்தாசலத்தில் சிறியதாக ஒரு பீங்கான் ஷெட் நடத்தினார்கள். வீட்டின் பின்வாசலைத் திறந்தால் ஷெட். வீடுகளில் மெயின் பெட்டிக்குள் கம்பி சுற்றிச் செருகும் வெள்ளை ப்யூஸ் கட்டைகளைத்தான் செய்தார்கள். களிமண்ணையும் கல்பொடியையும் கூழாங்கற்களோடு போட்டு அரைக்கும் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று இருந்தது; அதை மில் என்போம். மண்ணை அச்சில் அழுத்தும் கைப்பிரஸ் இரண்டு. பின்னால் சூளை. மில் ஓடும்போது வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசுவோம். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படியே பேசுவதாக டீச்சர் புகார் சொன்னார்.

இந்த எந்திரங்கள் எதுவும் தானாக எதையும் செய்ததில்லை. யாராவது சுவிட்ச் போட்டால் மில் சுற்றும், பிடியை இழுத்தால் பிரஸ் இறங்கும். போன் வந்த பிறகுதான் வீட்டில் முதல்முறையாக ஒரு எந்திரம் மனிதனுக்குச் சுவிட்ச் போட்டது. அது அடித்தவுடன் பெரியப்பா எழுந்து நின்றுவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, முகச்சவரம் பாதியில் இருந்தாலும் சரி. உட்கார்ந்துகொண்டு பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ. சேலத்திலிருந்து ஒரு கடைக்காரர் ஒரே மதியச் சாப்பாட்டில் மூன்று முறை எழுப்பியிருக்கிறார். கையில் சோற்றோடு நின்றபடி, “ஏத்தியாச்சுங்க, ஏத்தியாச்சுங்க” என்பார் பெரியப்பா. சரக்கு அப்போது சூளையில் வெந்துகொண்டிருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பிருந்து அந்தப் போனை இன்னொருவரும் காவல் காக்க ஆரம்பித்தார். என் அத்தை. அப்பாவின் தங்கை. ஊரிலேயே செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, இரண்டு வருடமாக எங்கள் ஷெட்டில் பளபளப்புப் பூச்சு கலக்கிக்கொண்டிருந்தாள். குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, சென்னையில் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். இந்த வாரத்துக்குள் போன் செய்வோம், இரண்டு தடவை பார்ப்போம், எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் தரைவழிப் போனும் உண்டு. சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டியதில் ஒயர் அறுந்து மூன்று வாரமாக அது ஊமையாகக் கிடந்தது. அதனால் அத்தை கொடுத்திருந்தது பெரியப்பாவின் நம்பர்.

பெரியப்பா குளிக்கப் போனால் அத்தை குளியலறைக் கதவருகே நிற்பாள். பெரியப்பா கோயிலுக்குப் போனால் அத்தைக்கும் பக்தி வந்துவிடும். லாரியில் சரக்கு ஏற்ற அவர் வேப்பூர் போன அன்று அத்தையும் அதே பஸ்ஸில் ஏறினாள். நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் பரோட்டா சாப்பிடும்போதும் அவள் கண் பச்சை பெல்ட்டிலேயே இருந்ததைப் பார்த்து, சப்ளையர் “உங்க அண்ணன் பெல்ட்டை ஒண்ணும் தூக்கிக்கினு போயிட மாட்டோம், சாப்புடும்மா” என்றாராம்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்பது எந்திரங்களின் விடுமுறை. முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றிவிடுவார்கள். பூஜை போட்ட பிறகு மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. முந்தைய வருடம் பக்கத்து ஷெட்டில் அவசர ஆர்டர் என்று பூஜை அன்றே மில்லை ஓட்டினார்கள். அடுத்த வாரம் மோட்டார் புகைந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அப்பாவும் அன்று சுவிட்ச் இருக்கும் சுவர்ப்பக்கம் போகமாட்டார். எனக்கு இந்த விதியில் குறையே தெரியவில்லை. என் புத்தகங்களும் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் இரண்டு பொட்டு வைத்தேன்.

காலையில் பெரியப்பா இடுப்பிலிருந்து உறையைக் கழற்றி, போனை எடுத்துத் துணியால் துடைத்து, ஷெட்டில் இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தபோதுதான் விவாதம் தொடங்கியது.

“அண்ணே, அத எதுக்கு அங்க வைக்கிறீங்க?” என்றாள் அத்தை.

“தொழிலுக்கு ஒதவுறது எல்லாம் ஆயுதந்தான் பாப்பா. மில்லுக்கு ஒரு ஞாயம், போனுக்கு ஒரு ஞாயமா?”

அப்பா தங்கைக்காகக் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். “மில்லு நாம போட்டாத்தாண்ணே ஓடும். இது தானா அடிக்குமே.”

பெரியப்பா இதை யோசித்தார். உண்மையில் அது கடினமான கேள்விதான். அணைத்து வைத்தால் ஓய்வு. அணைக்காமல் வைத்தால் ஓய்வா, வேலையா? அத்தையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “ஆஃப் பண்ண வேணாம். அடிச்சா அடிக்கட்டும், அது அதோட இஷ்டம். நம்ம கை படக் கூடாது, அவ்ளோதான்.”

“அடிச்சா எடுக்காம எப்பிடிண்ணே?”

“பூச அன்னிக்கு எவன் போன் பண்ணப் போறான்?”

குஜராத்தில் மறுநாள் தசராவுக்குத்தான் விடுமுறை என்று அத்தைக்குத் தெரியும். சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். பெரியப்பாவிடம் நேருக்கு நேராக வாதம் செய்யும் வழக்கம் இல்லாத அம்மா, பெரியம்மாவைப் பார்த்து, ஆனால் ஷெட் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். “அருவாமனைக்கும்தான் பொட்டு வச்சோம், ஏங்க்கா? வச்ச பொட்டு காயறதுக்குள்ள பூசணிக்கா அரிஞ்சாச்சு. நம்ம ஆயுதத்துக்கு மட்டும் லீவு கெடையாதா?”

“சாப்பாடு வேற” என்றார் பெரியப்பா சுவரைப் பார்த்து.

“திங்கறப்ப வேறதான்” என்றாள் அம்மா பெரியம்மாவிடம்.

போனின் நெற்றியில், அதாவது திரைக்கு மேலே, பெரியப்பா சந்தனம் வைத்துக் குங்குமமிட்டார். ஒரு சாமந்திப் பூவையும் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்குப் பூஜை. நாங்கள் குடும்பமாக ஆறு பேர். கட்டைகளில் பிசிறு தேய்க்கும் அக்கா ஒருவரும் வந்திருந்தார். பெரியப்பா தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, முதலில் சரஸ்வதிக்கும் பிறகு மில்லுக்கும் காட்டிவிட்டு, பிரஸ்ஸின் பக்கம் திரும்பும்போது போன் அடித்தது.

அடித்தது மட்டுமல்ல, அதிரவும் செய்தது. துணி உறைக்குள் அதிர்ந்தபோது எங்களுக்குத் தெரியாத விஷயம் அப்போதுதான் தெரிந்தது: தேய்த்துப் பளபளப்பாக்கிய பித்தளையில் வைத்தால் போன் நடக்கும். பொட்டும் பூவுமாக அது தாம்பாளத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வந்தது. பிசிறு தேய்க்கும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“யம்மா, நவுருது பாருங்க! சாமி எறங்கிடுச்சு!”

“சாமி இல்லக்கா, சேலம் பார்ட்டி” என்றார் அப்பா. ஆனால் அவர் குரலிலும் உறுதி இல்லை.

அத்தை தாம்பாளத்துக்கு மேல் குனிந்து எண்ணைப் பார்த்தாள். நீளமான, எங்களுக்குப் பழக்கமில்லாத எண். தாவணியின் முனையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பெரியப்பா கையில் எரியும் கற்பூரம். ஆரத்தியை நடுவில் நிறுத்தக் கூடாது. போன் எட்டு முறையோ ஒன்பது முறையோ அடித்து ஓய்ந்தது. இன்னும் ஒரு முறைதான் மீதி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அடித்தது.

“அண்ணே” என்றாள் அத்தை.

பெரியப்பா அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மில்லைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து எதுவும் வருவதற்குள், வாழைப்பழத்தில் செருகியிருந்த ஊதுபத்தி ஒன்றை நான் உருவினேன். பெரியப்பா சொன்னது கை படக் கூடாது என்று. ஊதுபத்தி கையில்லை. எரியும் முனை என் பக்கம் இருக்க, குச்சி முனையால் பச்சைப் பொத்தானைக் குத்தினேன். முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறை பக்கத்துப் பொத்தானில் பட்டது. கண்ணில் புகை. மூன்றாம் முறை பொத்தான் உள்ளே போனது. தாம்பாளத்துக்குள்ளிருந்து மிகச் சிறியதாக ஒரு ஆண்குரல் “ஹலோ, ஹலோ” என்றது.

போனை எடுக்க முடியாது. அத்தை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அப்படியே தரையில் விழுந்து, காதைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

ஆரத்தியின்போது ஒருவர் விழுந்து கும்பிட்டால் மற்றவர் நின்றுகொண்டிருப்பது வழக்கமில்லை. பிசிறு தேய்க்கும் அக்கா விழுந்தார். அவரைப் பார்த்துப் பெரியம்மா விழுந்தாள். அம்மா சிரிப்பை மறைக்கவே விழுந்தாள் என்று பின்னால் ஒப்புக்கொண்டாள். கடைசியில் அப்பாவும். ஆக, கற்பூரத் தட்டோடு பெரியப்பாவும் ஊதுபத்தியோடு நானும் மட்டும் நிற்க, ஐந்து பேர் ஒரு செல்போனின் முன்னால் சாஷ்டாங்கமாகக் கிடந்தார்கள்.

“எஸ் சார்... எஸ் சார்... ஐயம் ஸ்பீக்கிங் சார்” என்றாள் அத்தை தாம்பாளத்துக்குள்.

குரல் தூரத்திலிருந்து வருகிறதே, போனைப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அத்தை சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

“சாரி சார். டுடே போன் ஹாலிடே சார்.”

பிறகு அவர் கடிதம் அனுப்ப விலாசம் கேட்டார். எங்கள் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். வி, ஆர், ஐ என்று தொடங்கி இரண்டு டி-யைத் தாண்டுவதற்குள் அவர் குழம்பிவிட, மறுபடி வி-யிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் விழுந்தவள் எழாமல் மற்றவர்கள் எழ முடியாது. அப்பா முழங்கையை மாற்றி ஊன்றிக்கொண்டார். பெரியம்மா பக்கவாட்டில் திரும்பி, “இன்னும் எத்தினி எழுத்து?” என்று கிசுகிசுத்தாள். கற்பூரம் சிறுத்து அணையப் போனது. பெரியப்பா இன்னொரு கட்டியைத் தட்டில் போட்டார். அது கரைந்தபோது மற்றொன்று. பிரஸ் இரண்டுக்கும் காட்டி முடித்துவிட்டு, மறுபடி முதல் பிரஸ்ஸுக்கே வந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த வருடம் பிரஸ்ஸுக்கு விசேஷ மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்முனையே போனை வைத்தது. அத்தை தலையைத் தூக்கியபோது கன்னத்தில் சந்தனமும் காதில் ஒரு சாமந்தி இதழும் ஒட்டியிருந்தன. “பத்து நாள்ல சேரச் சொல்லிட்டாங்க” என்றாள். பெரியப்பா எல்லோருக்கும் கற்பூரத்தை நீட்டினார். என்னிடம் வந்தபோது நின்றார்.

“கை பட்டுச்சா?”

“இல்ல பெரியப்பா. ஊதுபத்தி.”

“அப்ப சரி” என்று விபூதி பூசிவிட்டார்.

இதை எழுதுவதற்கு முன் அத்தையிடம் சரிபார்த்தேன். தாம்பாளத்தில் காதை வைத்தது உண்மை, விழுந்து கும்பிட்டதாகச் சொல்வது மிகை என்கிறாள். அம்மா கும்பிட்டாள் என்றே சாட்சி சொல்கிறாள். பெரும்பான்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

மதியம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பா ஷெட்டுக்குப் போனார். மண் மூட்டைகளின்மேல் பாயை விரித்துப் படுத்தார். எந்திரங்களைக் காவல் காக்கிறேன் என்றார்; ஐந்து நிமிடத்தில் குறட்டை. மற்ற நாட்களில் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. முடியவில்லை என்று அவர் சொல்லியும் கேட்டதில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால், “மில்லு சூடாயிடுச்சு, அரை மணி நிறுத்துடா” என்று அப்பாவிடம் சொல்வார். அப்பாவும் மில்லைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நிறுத்திவிடுவார். அன்று தாம்பாளத்தில் போன் நான்கு முறை அடித்தது, நான்கு முறையும் ஓரத்துக்கு நடந்தது. விழாமல் இருக்க நான் ஊதுபத்தியால் நடுவுக்குத் தள்ளிவிட்டேன். பெரியப்பா ஒருமுறை புரண்டு படுத்தார். அவ்வளவுதான். இவ்வளவு சத்தத்தில் எப்படித் தூங்குகிறார் என்று ஆச்சரியமாக இருந்தது.

அத்தை ஏழாம் நாளே ரயிலேறினாள். அதன்பிறகு அவள் குரல் எங்களுக்குப் போன் வழியாகவே வந்தது. விடுதியில் இருந்த பொதுப் போனில் முறை வரும்போதுதான் பேச முடியும். எந்த நாள், எந்த நேரம் என்று அவளாலேயே சொல்ல முடியாது. ஒருநாள் பெரியப்பா போனை ஷெட்டில் வைத்துவிட்டுச் சூளைக்குப் பின்னால் நின்றதில் அவள் அழைப்புத் தவறிவிட்டது. அடுத்த அழைப்புக்குப் பதினைந்து நாள் ஆனது. அந்தப் பதினைந்து நாளும் பெல்ட்டைக் கழற்றாமலே தூங்கினார் என்று பெரியம்மா சொன்னாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. மில்லுக்குப் பட்டை போட்டாயிற்று, பிரஸ்ஸுக்குப் பூ சுற்றியாயிற்று. பித்தளைத் தாம்பாளத்தை நானே தேய்த்து வைத்துவிட்டு, ஊதுபத்திக் கட்டோடு தயாராக நின்றேன். பெரியப்பா போனை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை.

அம்மா விடவில்லை. “போன வருஷம் தொழிலுக்கு ஒதவுறது எல்லாம் ஆயுதம்னாங்களே, ஏங்க்கா?” என்று பெரியம்மாவைக் கேட்டாள்.

பெரியப்பா இந்தமுறை சுவரைப் பார்க்கவில்லை. “இது ஆயுதம் இல்ல. பாப்பா பேசுதே இதுல” என்றார்.

எனக்குப் பெரிய வெற்றியாக இருந்தது. என் ஊதுபத்தியால்தான் விதியே மாறியது என்று நம்பினேன். அந்த வாரம் பள்ளியில் இரண்டு பேரிடம் அப்படித்தான் சொன்னேன்.

மதியம் பெரியப்பா மூட்டைகளின்மேல் பாயை விரித்துப் படுத்தார். படிக்கப் புத்தகம் இல்லாததால் நான் எதிரே பிரஸ் மேடையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். சேலத்துக் கடைக்காரர் கூப்பிட்டார். பெரியப்பா எழுந்து நின்று பேசிவிட்டுப் படுத்தார். மதுரையிலிருந்து யாரோ. எழுந்தார், பேசினார், படுத்தார். பின்பு ஒரு தவறான எண். அதற்கும் எழுந்து நின்று, பூஜை வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்க்காமலே சட்டென்று எடுத்தார். நான்கு மணிக்குப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார். அத்தை ஐந்தரைக்குக் கூப்பிட்டாள். எல்லோரும் ஷெட்டுக்கு ஓடி வந்தோம். முதலில் அவள் கேட்டது, போன் இன்றைக்கு ஹாலிடேயா என்றுதான். ஆளுக்கு அரை நிமிடம் பேசினோம். அவள் வைத்த பிறகும் பெரியப்பா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கு எந்திரங்கள் எல்லாம் நன்றாக ஓய்வெடுத்தன. அம்மா சமையலறையில் இருந்தாள். நான் கண்டுபிடித்த செய்தியை அவளிடம் போய்ச் சொன்னேன். “பெரியப்பாவுக்குப் போன்ல பேசறதுன்னா எவ்ளோ ஆசைம்மா! தூங்காம பேசிக்கினே இருக்கறாரு.”

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, ஒரு டீ ஆற்றி என் கையில் கொடுத்து, சிந்தாமல் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடு என்றாள். நம்ம ஆயுதத்துக்கு மட்டும் லீவு கெடையாதா என்று போன வருடம் கேட்ட அம்மா, அந்தப் போனைத் திட்ட இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை ஏன் விட்டுவிட்டாள் என்று யோசித்துக்கொண்டே ஷெட்டுக்கு நடந்தேன்.